எதிரெதிர் நிறங்கள் இரண்டு, அறை ஒன்று: ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

அறைச் சுவருக்குப் பெயின்ட் தேடும்போது ஷேட் கார்டில் இரண்டு நிறங்கள் கண்ணில் பட்டுவிட்டன. ஒன்று வெளிர் சந்தனம், இன்னொன்று அடர்ந்த மயில்கழுத்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டுமே பிடித்திருக்கிறது. உடனே கை என்ன செய்யும்? இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்க்கும். புதிதாக இதில் இறங்குகிற எல்லோரும் செய்வது இதுதான். தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் இதுதான்.

ஒட்டி வைத்த இரண்டு நிறங்கள் சும்மா இருப்பதில்லை. வெளிர் நிறம் இன்னும் வெளிறும், அடர்ந்தது இன்னும் இருளும். நல்ல நீலத்தின் பக்கத்தில் வைத்த சாதாரண சாம்பல், லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து தெரியும். பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் மிஷெல் செவ்ருலிடம், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருந்தன. இதைப் பற்றிய தன் ஆய்வை அவர் 1839இல் வெளியிட்டார். நூலுக்கு நடந்தது சுவருக்கும் நடக்கும்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். ஆனால் எதற்காக ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: போட்டியா, ஜோடியா?

இரண்டில் ஒன்றை மட்டும் அடிக்கப் போகிறீர்களா, இரண்டையும் ஒரே அறையில் அடிக்கப் போகிறீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் சாம்பிள் டப்பா வாங்கக் கூடாது. ஏனென்றால் பார்க்கும் முறையே இரண்டுக்கும் வேறு.

ஒன்றுதான் ஜெயிக்கும் என்றால் அது போட்டி. போட்டியில் இருக்கும் நிறங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நாளைக்கு அந்த அறையில் தோற்ற நிறம் இருக்கப்போவதில்லை. அதனால் இன்றைக்கும் அது பக்கத்தில் நின்று மற்றதின் அழகைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரண்டும் சேர்ந்து வரப்போகின்றன என்றால் அது ஜோடி. ஜோடியைப் பிரித்துப் பார்த்துப் பயன் இல்லை. சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் சுவரில் எந்த அளவில் வரப்போகிறதோ அந்த விகிதத்தில்.

வீட்டில் ஆளுக்கொரு நிறம் பிடித்துப்போய், சண்டை வேண்டாம் என்று இரண்டையும் அடித்துவிடுவதும் உண்டு. சமாதானம் நல்லதுதான். ஆனால் போட்டிக்கு வந்த நிறங்களை ஜோடியாக்க அது மட்டும் காரணமாக இருந்தால், பெரும்பாலும் அறைதான் அந்தச் சண்டையைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: எந்த விதத்தில் எதிர்?

‘எதிரெதிர் நிறம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு நிறத்துக்கு மூன்று குணங்கள் உண்டு: அது சிவப்பா நீலமா என்ற சாயல் ஒன்று, வெளிரா அடர்வா என்பது இன்னொன்று, பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து அடங்கி இருக்கிறதா என்பது மூன்றாவது. இரண்டு நிறங்கள் இவற்றில் எதில் வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அறையில் அவை நடந்துகொள்ளும் விதம்.

வெளிரும் அடர்வுமாக வேறுபட்டால் அறையின் வடிவமே மாறித் தெரியும். சுவர்களின் விளிம்புகள், வாசல், ஜன்னல் எல்லாம் தெளிவாக எடுத்துக்காட்டப்படும். வெளிர்-அடர்வில் ஒரே அளவில் இருந்துகொண்டு சாயலில் மட்டும் வேறுபட்டால், எடுத்துக்காட்டாக நடுத்தரப் பச்சையும் நடுத்தரச் செங்கல் நிறமும் போல, கதை வேறு. இரண்டும் அடக்கமான நிறங்களாக இருந்தால் இதமாக இருக்கும். இரண்டும் பளிச்சென்று இருந்தாலோ, சந்திக்கும் கோட்டில் கண் நிலைகொள்ளாமல் அந்த விளிம்பே துடிப்பது போல் தோன்றும். போஸ்டருக்கு அது சரி. தினமும் படுத்து எழும் அறைக்கு வேண்டாம் என்பேன்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு நிறங்களையும் ஒரே வெளிச்சத்தில் வைத்து, இரண்டும் ஒரே படத்துக்குள் வரும்படி போனில் எடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டு சாம்பல்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரிந்தால் வெளிர்-அடர்வு வேறுபாடு இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேறுபாடு சாயலிலோ பளிச்சென்ற தன்மையிலோதான். தனித்தனியாகப் படம் எடுத்து ஒப்பிடாதீர்கள். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் வெள்ளையையும் தானாகவே சரிசெய்துகொள்ளும். சாயலைப் பொறுத்தவரை போன் சொல்வதை நம்பவே கூடாது.

இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் எல்.ஆர்.வி. என்ற எண்ணைப் பாருங்கள். விழுகிற வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதை இது சொல்லும். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. உண்மையான பெயின்ட் எதுவும் இந்த இரண்டு எல்லைகளையும் தொடுவதில்லை. பல நிறுவனங்கள் ஷேட் கார்டின் பின்புறத்திலோ இணையதளத்திலோ இதைக் கொடுக்கின்றன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுவரும் கதவும் தரையும் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக, பி.எஸ். 8300 என்ற பிரிட்டிஷ் தரநிலை 30 புள்ளி வித்தியாசத்தைப் பரிந்துரைக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: அறையின் வெளிச்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிறங்களை அறைக்குள் கொண்டுவருவதற்கு முன் அறையைக் கொஞ்சம் கவனியுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் காலையில் இளஞ்சூடான வெளிச்சம், பிற்பகலில் நீலம் கலந்த நிழல். மேற்கு என்றால் இதற்கு நேர்மாறு. மாலையில் அறை முழுக்கப் பொன்னிறமாகிவிடும். நேரடி வெயில் வராத பக்கத்து ஜன்னல் வழியாக வருவது பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம், அதனால் அது குளிர்ச்சியாக இருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே தள்ளிப் போகப் போக வடக்கு ஜன்னல் அப்படி. தெற்கே போனால் தெற்கு ஜன்னல். வெளியே ஜன்னலை ஒட்டிப் பெரிய மரமோ, எதிரே செங்கல் சுவரோ இருந்தால் திசை சொல்லும் கணக்கெல்லாம் கொஞ்சம் மாறும். இலைகளில் பட்டு வரும் வெளிச்சம் பச்சையாகத்தான் உள்ளே வரும்.

இரவுக்கு விளக்கு. பல்புப் பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் வெளிச்சம், 4000 பக்கம் நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் சந்தனமும் செங்கல் நிறமும் செழிக்கும், மயில்கழுத்து பச்சைப் பக்கம் சாய்ந்து மங்கும். 6500இல் நீலம் தெளிவாகும்; சந்தனம் சோகை பிடித்த மாதிரி ஆகலாம். பல்பு வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணும் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலேயே இருக்கும், அது 90க்கு மேல் இருந்தால் நல்லது. 80 அளவில் உள்ள எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு உயிரில்லாமல் தெரியும். அரக்கு நிறம் ஒன்று போட்டியில் இருந்து, பல்பு மட்டமானதாகவும் இருந்தால், அது தோற்றது நிறத்தின் குற்றம் அல்ல.

அறையில் இப்போது இருக்கும் பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் நிறம் பாருங்கள்.

நான்காம் படி: மாதிரி அட்டை செய்யுங்கள்

ஷேட் கார்டில் இருக்கும் துண்டு தீப்பெட்டி அளவுதான். அதை வைத்து ஒரு சுவரைக் கற்பனை செய்வது கஷ்டம், அனுபவம் உள்ளவர்களுக்கே கஷ்டம். அதே நிறம் பெரிய பரப்பில் வரும்போது இன்னும் அழுத்தமாக, இன்னும் பளிச்சென்று தெரியும். எதிரெதிர்ச் சுவர்கள் தங்கள் நிறத்தை ஒன்றின் மேல் ஒன்று வீசிக்கொள்வதும் சேர்ந்து செறிவைக் கூட்டும். அட்டையில் சாதுவாக இருந்த மஞ்சள் சுவரில் கத்துவது இதனால்தான்.

எனவே ஒவ்வொரு நிறத்திலும் சாம்பிள் டப்பா வாங்கி, கெட்டியான வெள்ளை அட்டையில் அடித்துக்கொள்ளுங்கள். அட்டை குறைந்தது ஏ3 அளவு இருக்கட்டும், ஏ2 என்றால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு அட்டைகள் வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். சின்ன ரோலரால் அடியுங்கள், சுவரிலும் ரோலர்தானே ஓடப்போகிறது. இரண்டு கோட் கட்டாயம். முதல் கோட்டில் அட்டையின் வெள்ளை உள்ளிருந்து தெரியும், அது பொய் நிறம். ஈரத்தோடு முடிவு செய்யாதீர்கள்: எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறி இருக்கும், காய்ந்த பிறகு பொதுவாக ஒரு படி அடர்வாகும். ஒரு நாள் விட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

சுவரில் மினுமினுப்பு இல்லாத மேட் அடிப்பதா, லேசாக மினுமினுக்கும் சாட்டின் அடிப்பதா என்று முன்பே முடிவு செய்துவிட்டால், சாம்பிளும் அதிலேயே இருக்கட்டும். ஒரே நிறம் மேட்டில் கொஞ்சம் வெளிறியும், மினுமினுப்பு கூடக் கூட அடர்ந்தும் தெரியும். ஒரு நிறத்தை மேட்டிலும் மற்றதை சாட்டினிலும் அடித்து ஒப்பிட்டால், எதை ஒப்பிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

நேரே சுவரிலேயே ஒரு திட்டு அடித்துப் பார்க்கலாமே என்று பெயின்டர் சொல்வார். சொல்வதில் தப்பில்லை, ஆனால் அட்டையை இடம் மாற்றலாம், திட்டை மாற்ற முடியாது. அதோடு அடர்ந்த நிறத் திட்டின் விளிம்பு, பிறகு அதன் மேல் வெளிர் நிறம் அடித்தாலும் மேடாகத் தெரியும். தேய்த்துச் சமப்படுத்த வேண்டி வரும்.

ஐந்தாம் படி: பார்ப்பது எப்படி

அட்டையை மேஜையிலோ தரையிலோ போட்டுப் பார்க்காதீர்கள். சுவர் நிற்கிறது, அட்டையும் நிற்கட்டும். படுத்திருக்கும் பரப்பில் விழும் வெளிச்சமே வேறு.

அட்டைக்குப் பின்னால் பழைய சுவர் நிறம் தெரியக் கூடாது. பழைய சுவர் இளஞ்சிவப்பு என்றால், அதன் மேல் வைத்த நல்ல சாம்பல் பச்சையாகத் தெரியும். நீங்கள் அந்தச் சாம்பலை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவீர்கள். பெரிய வெள்ளைத் தாளை முதலில் சுவரில் ஒட்டி, அதன் மேல் அட்டையை வையுங்கள். வெள்ளைப் பின்னணியும் நிறத்தைச் சற்று அடர்வாகக் காட்டத்தான் செய்யும், ஆனால் சாயலைத் திருப்பிவிடாது.

மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவர், ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஒரு மூலை. ஜன்னல் சுவர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பதால் அங்கே எல்லா நிறமும் ஒரு படி கறுக்கும். மூலைக்குத்தான் இரண்டாவது அட்டை: ஒரே நிற அட்டைகள் இரண்டையும் மூலையின் இரு பக்கமும் வைத்தால், அவை ஒன்றின் மேல் ஒன்று நிறம் வீசி எவ்வளவு அடர்கின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். அறை முழுக்க அந்த நிறம் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் அறிந்தவரை இதைவிடக் கிட்டத்தில் வரும் சோதனை இல்லை.

போட்டி நிறங்கள் என்றால், ஒரு நாள் முழுக்க ஒன்று மட்டும் அறையில் இருக்கட்டும். மறுநாள் இன்னொன்று. பார்த்ததை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ‘காலையில் நல்லா இருக்கு, மதியம் வெளுத்துப்போச்சு, ராத்திரி இருட்டு’ என்ற அளவுக்குப் போதும். மூன்றாம் நாள் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஞாபகத்தை வைத்து அல்ல. கண் ஒரு நிறத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஆரஞ்சை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அங்கே நீலம் மிதக்கும். ஒன்றைப் பார்த்த கையோடு அடுத்ததைப் பார்த்தால், முந்தையதின் எதிர்ச்சாயல் கண்ணில் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஜோடி என்றால் கத்தரிக்கோல் எடுங்கள். சந்தனம் மூன்று சுவர்களுக்கும் மயில்கழுத்து ஒரு சுவருக்கும் என்றால், அட்டைகளையும் ஏறக்குறைய அந்த விகிதத்தில் வெட்டி ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒரே அளவு அட்டைகளாக வைத்தால் அடர்ந்த நிறம்தான் எப்போதும் முந்திக்கொண்டு தெரியும், அதனால் அது வேண்டாம் என்று தோன்றிவிடும். உள் அலங்காரக்காரர்கள் 60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதன்மை நிறம் அறுபது சதவீதம், துணை நிறம் முப்பது, மிச்சம் பத்து கண்ணை இழுக்கும் ஏதாவது ஒன்று. சட்டம் எதுவும் இல்லை, ஆனால் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். பாதிக்குப் பாதி பிரிப்பதைத் தவிர்க்கச் சொல்வேன். எது அறையின் நிறம் என்று தெரியாமல் கண் இங்கும் அங்கும் அலையும்.

ஆறாம் படி: அந்தி நேரத்தைத் தவறவிடாதீர்கள்

காலை, மதியம், இரவு என்று எல்லோரும் பார்ப்பார்கள். விளக்குப் போடுவதற்கு முந்தைய அந்த மங்கலான அரை மணி நேரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. எதிரெதிர் நிறங்களை வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறையும்போது சிவப்பு முதலில் கறுக்கும், நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினியே இதை 1819இல் பூக்களில் கவனித்தார். அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். பகலில் சமமாகத் தெரிந்த அரக்கும் நீலமும் அந்தியில் சமமாக இருக்காது, அரக்குச் சுவர் கறுப்புச் சுவராகிவிடும். மாலையில் அதிகம் புழங்கும் அறை என்றால் இது சின்ன விஷயம் அல்ல.

ஏழாம் படி: மாற்ற முடியாதவற்றோடு வையுங்கள்

தரை, கதவு, அலமாரி, சோபா. இவற்றை மாற்றப்போவதில்லை என்றால் அட்டையை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். அடர்ந்த நிறங்கள் தங்கள் சாயலை ஒளிக்காது. வெளிர் நிறங்கள்தான் மறைத்துவைக்கும். சந்தனம் என்று நினைத்தது சிவந்த மரக்கதவின் பக்கத்தில் பச்சையாகலாம். ஒரு சுத்தமான வெள்ளைத் தாளை அட்டையின் மேல் பாதி மூடினால் அந்த ஒளிந்த சாயல் வெளியே வந்துவிடும்.

எட்டாம் படி: எந்தச் சுவருக்கு எது?

ஜோடியாக அடிப்பவர்களுக்கு மட்டும் இது. நீளமான, குறுகிய அறையில் கடைசியில் இருக்கும் குட்டைச் சுவரில் அடர்ந்த நிறம் வந்தால் அந்தச் சுவர் கிட்டே வந்தது போல இருக்கும். அறை ரயில் பெட்டி மாதிரி தெரிவது குறையும். ஜன்னல் உள்ள சுவரில் அடர்ந்த நிறம் வேண்டாம். இருண்ட சுவரும் பளிச்சென்ற ஜன்னலும் சேர்ந்தால் கண் கூசும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்தான் அதற்குச் சரியான இடம், வெளிச்சம் நேராக விழுந்து நிறத்தின் முழு அழகும் தெரியும்.

குறுக்கே பிரித்துக் கீழே ஒன்று மேலே ஒன்று அடிப்பதாக இருந்தால், அடர்ந்தது கீழே. கோடு சுவரின் சரிபாதியில் வர வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வந்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

இரண்டு நிறமும் உள் மூலையில் சந்திக்கட்டும். வெளிப்பக்கம் துருத்தும் விளிம்பில் சந்தித்தால் இடிபட்டு உதிரும்போது அசிங்கமாகும். மூலைகள் நேராக இருப்பது அபூர்வம் என்பதால், வெளிர் நிறத்தை முதலில் மூலை தாண்டிக் கொஞ்சம் அடித்துக் காயவிட்டு, பிறகு டேப் ஒட்டி அடர்ந்ததை அடிக்கலாம். டேப்பின் விளிம்பில் முதலில் அந்த வெளிர் நிறத்தையே மெல்லப் பூசிக் காயவிட்டால், அடர்ந்தது அடியில் கசியாது. கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: வாங்கும்போது

வெளிர் நிறமும் அடர்ந்த நிறமும் ஒரே அளவு பரப்பை மூடும் என்று கணக்குப் போடாதீர்கள். வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும், டப்பாவில் உள்ளதைச் சரிபாருங்கள். அடர்ந்த நிறங்களைக் கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயின்டில், அதாவது பேஸில், வெள்ளை நிறமி குறைவு, அதனால் மறைக்கும் சக்தியும் குறைவு. சிவப்பு, பளிச் மஞ்சள் எல்லாம் மூன்று நான்கு கோட் கேட்கும். அந்தச் சுவருக்கு மட்டும் நிறத்துக்கு ஏற்பச் சாம்பல் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட் மிச்சமாகலாம். இரண்டு நிறங்களும் ஒரே விலைதானே என்று முடிவு செய்வதற்கு முன் இந்தக் கூடுதல் கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடர்ந்த மேட் சுவரில் கை உரசினாலும் நாற்காலி உரசினாலும் பளபளப்பான தடம் விழும். நடைபாதை ஓரச் சுவர் என்றால் சாட்டினுக்குப் போவது நல்லது. ஆனால் சாட்டின் பட்டி வேலையின் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும், முதலில் சுவரைச் சரியாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் ஒன்றுக்கு மேல் டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், டப்பாவுக்கு டப்பா வரும் சின்ன வேறுபாடு போய்விடும். நிறத்தின் எண், எந்த பேஸ், மேட்டா சாட்டினா, தேதி ஆகியவற்றை மிச்சப் பெயின்ட் டப்பாவின் மேல் எழுதிவையுங்கள். பிறகு ஒரு கீறலைச் சரிசெய்ய வேண்டி வந்தால், வெளிர் சுவரில் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் பெரும்பாலும் தெரியாது. அடர்ந்த சுவரில் திட்டாகத் தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடிக்கும் அளவுக்குப் பெயின்ட் எடுத்துவைப்பது நல்லது.